எண்ணூறு ரூபா பாக்கி நூறு ரூபா அட்வான்ஸா மாறின கதை

மதுரையில ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடை. 2006-ல அவங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் நான்தான் எழுதிக் குடுத்தேன், முன்னாடி ஸ்கிரீனுக்கு விபி டாட் நெட்ல எழுதின புரோகிராம், பின்னாடி டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல் சர்வர் 2005 எக்ஸ்பிரஸ், மூணு கவுண்டர், உள் ரூம்ல ஒரு சர்வர் மெஷின், அவ்வளவுதான் செட்டப். நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் கடையில கணக்கு பார்க்கிற அய்யா போன் பண்ணாரு. "தம்பி, இந்த மெடிக்கல்காரர் நமக்கு எண்ணூறு ரூபா தரணும். உங்க பாக்கி லிஸ்ட்ல நூறு ரூபா அட்வான்ஸ்னு நிக்குது. லைனுக்குப் போன பையன் அதைப் பாத்துட்டு காசு கேக்காமலே வந்துட்டான். வந்து என்னன்னு பாருங்க."

நேரா கிளம்பிப் போனேன். அய்யா பில் காப்பியையும் ரசீது புக்கையும் எடுத்து டேபிள் மேல பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாரு. பில்லுல மூணு அயிட்டம்: சிரப் 1200, மாத்திரை 800, ஆயின்மென்ட் 500, மொத்தம் 2500. கடைக்காரர் ரெண்டு தடவையா குடுத்திருக்காரு, ஒரு தடவை 1000, ஒரு தடவை 700. 2500-ல 1700 போனா 800. சின்னப் பிள்ளை போடுற கணக்கு. என் லிஸ்ட் மட்டும் மைனஸ் 100-ன்னு சொல்லுது.

அந்த லிஸ்ட்டுக்கு நான் எழுதின க்வெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி, இப்படித்தான் இருந்துச்சு, பில் டேபிளை அயிட்டம் டேபிளோட பில் நம்பர் வச்சு ஜாயின் (நம்பர் ஒத்துப் போற வரிகளை ஒண்ணா ஒட்டறது), அதையே வரவு டேபிளோடயும் பில் நம்பர் வச்சு ஜாயின், அப்புறம் குரூப் பை போட்டு பில் வாரியா அயிட்டம் தொகையைக் கூட்டி, வரவுத் தொகையைக் கூட்டி, ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிக்கறது. படிச்சுப் பாத்தா தமிழ்ல பேசற மாதிரியே சரியா இருக்கும். குரூப் பையை மட்டும் எடுத்துட்டு அந்த ஒரே ஒரு பில்லுக்கு ஓட்டிப் பாத்தேன், ஸ்கிரீன்ல வந்தது இது:

சிரப் 1200, வரவு 1000
சிரப் 1200, வரவு 700
மாத்திரை 800, வரவு 1000
மாத்திரை 800, வரவு 700
ஆயின்மென்ட் 500, வரவு 1000
ஆயின்மென்ட் 500, வரவு 700

ஆறு வரி. மூணு அயிட்டம், ரெண்டு ரசீது, மூவிரண்டு ஆறு. அயிட்டம் ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை வந்திருக்கு, அதனால 2500 வந்து 5000 ஆயிடுச்சு. வரவு ஒவ்வொண்ணும் மூணு தடவை வந்திருக்கு, 1700 வந்து 5100 ஆயிடுச்சு. 5000-ல 5100 போனா மைனஸ் 100. கம்ப்யூட்டர் ஒரு தப்பும் பண்ணல, நான் கேட்டதைத்தான் குடுத்திருக்கு.

இதுல பயங்கரம் என்னன்னா, அதுக்கு முன்னாடி நாலு மாசம் இந்த லிஸ்ட் சரியா இருக்குன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன், ஏன்னா டெஸ்ட் பண்ணும்போது எல்லா பில்லுக்கும் ஒரே ரசீதுதான் போட்டுப் பாத்தேன். ஒரு அயிட்டமா இருந்தா ரசீது எத்தனை இருந்தாலும் வரவு சரியா வரும், பில் தொகை ஏறும். ஒரு ரசீதா இருந்தா பில் தொகை சரியா வரும், வரவு ஏறும். ஆனா நான் டெஸ்ட்ல பில் தொகையை மட்டும்தான் கண்ணால பாத்துச் சரி பண்ணிட்டு விட்டிருந்தேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கு மேல வந்தாத்தான் இந்த மாதிரி ரெண்டுமே தப்பாகி, தப்பும் தப்பும் கழிபட்டு, பாக்கறதுக்கு நம்பற மாதிரி ஒரு நம்பர் வரும். 5100 வரவுன்னு தனியா காட்டியிருந்தா அய்யா அன்னைக்கே பிடிச்சிருப்பாரு, நிகரத் தொகையை மட்டும் காட்டினதால யாருக்கும் தெரியல.

அப்போ என்கூட வேலை பாத்த ஒருத்தர் சொன்னாரு, கூட்டற சம் உள்ள டிஸ்டிங்க்ட் போட்டுருங்க, ஒரே தொகை திரும்ப வந்தா ஒரு தடவைதான் கூட்டும், டூப்ளிகேட் போயிரும்னு. போட்டுப் பாத்தா இந்த பில்லுக்கு சரியா 800 வந்துச்சு. ஆனா எனக்கு மனசு ஒப்பல. கடைக்காரர் 1000, 700-ன்னு குடுக்காம ரெண்டு தடவையும் ஆயிரம் ஆயிரமா குடுத்திருந்தா? டிஸ்டிங்க்ட் ரெண்டு ஆயிரத்தையும் ஒரே ஆயிரமா எடுத்துக்கும், அவர் குடுத்த ஒரு ஆயிரம் காணாமப் போயிரும். இன்னைக்கும் நிறைய ரிப்போர்ட்டுல இந்த டிஸ்டிங்க்ட் மருந்தைப் பாக்கறேன், பாக்கும்போதெல்லாம் அடியில ஒரு ஜாயின் பெருகிட்டு இருக்குன்னுதான் தோணும், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

சரியான வைத்தியம் க்வெரியிலயே இருந்துச்சு, அயிட்டத்தை பில் வாரியா முதல்லயே கூட்டி ஒரு வரி ஆக்கிடணும், வரவையும் அதே மாதிரி தனியா கூட்டி ஒரு வரி ஆக்கிடணும், அதுக்கப்புறம் ரெண்டையும் பில்லோட சேக்கணும், அப்போ ஒண்ணுக்கு ஒண்ணு, பெருக வழியே இல்ல. இது அன்னைக்கு எனக்குத் தோணல. எனக்குத் தோணினது வேற, அது அய்யா மேஜையைப் பாத்துத் தோணினது.

அவர் எப்படி பாக்கி பாக்கறாரு? பேரேட்டுல அந்தக் கடைக்கு ஒரு பக்கம். பில்லுக்கு ஒரு கட்டு, ரசீதுக்கு ஒரு புக்கு. ஒவ்வொரு பதிவுக்கும் எதிர்ல பக்க எண் எழுதியிருப்பாரு, பிளஸ் ஒண்ணு கணக்குப்பதிவியல்ல படிச்சவங்களுக்குத் தெரியும், குறிப்பேட்டுல பேரேட்டுப் பக்க எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கும். அந்த நம்பரைப் பிடிச்சு அங்க போவாரு, பாப்பாரு, திரும்பி வருவாரு. பில்லையும் ரசீதையும் சேத்து ஒரு புது நோட்டுல ஆறு வரியா அவர் எழுதவே மாட்டாரு. அயிட்டம் அயிட்டமா இருக்கும், ரசீது ரசீதா இருக்கும், நடுவுல ஒரு நம்பர் மட்டும் ரெண்டையும் கட்டி வச்சிருக்கும்.

இதேதான் டேட்டாசெட். 2002-ல மைக்ரோசாஃப்டோட டாட் நெட் முதல் வெர்ஷனோட, டேட்டாபேஸோட பேசறதுக்கான ஏடிஓ டாட் நெட் வந்துச்சு, அதோட முக்கியமான சரக்கே இதுதான். டேட்டாபேஸ்ல இருந்து வேணுங்கிற டேபிளைத் தனித்தனியா எடுத்து மெமரியில வச்சுக்கிட்டு, கனெக்ஷனை மூடிட்டு, உள்ளேயே டேட்டாரிலேஷன்னு ஒண்ணு போட்டு, இந்த டேபிளோட பில் நம்பரும் அந்த டேபிளோட பில் நம்பரும் தாய் பிள்ளைன்னு சொல்லி வைக்கறது. அப்புறம் ஒரு பில் வரியைக் கையில வச்சுக்கிட்டு கெட்சைல்ட்ரோஸ்னு கேட்டா அதோட அயிட்டம் மூணும் வரும், இன்னொரு ரிலேஷனைச் சொல்லிக் கேட்டா ரசீது ரெண்டும் வரும். மூணு மூணாவே இருக்கும், ரெண்டு ரெண்டாவே இருக்கும். ரசீதே இல்லாத பில்லுக்குக் கேட்டா காலி அரே (காலிப் பட்டியல்) வரும், கூட்டினா பூஜ்யம், வேலை முடிஞ்சது. க்வெரியில இதே விஷயத்துக்கு இன்னர் ஜாயின் (ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வரி) போட்டா பில்லே லிஸ்ட்ல இருந்து காணாமப் போயிரும், லெஃப்ட் ஜாயின் (இடது பக்க வரி எப்பவும் இருக்கும்) போட்டா வரவு இடத்துல நல், அதாவது மதிப்பே இல்லாத காலி, வரும், 2500-ல நல்லைக் கழிச்சா அதுவும் நல்லுதான், அதுக்கு, நல் வந்தா பூஜ்யம்னு எடுத்துக்கன்னு சொல்ற ஒரு கோயலெஸ் போடணும். லெஃப்ட் ஜாயின் போட்டுட்டு வரவு தேதி இந்த மாசம்னு கீழ வேர் கிளாஸ்ல (வரிகளைச் சலிக்கற இடம்) எழுதிட்டா அது மறுபடியும் இன்னர் ஜாயினாவே ஆயிடும், ஏன்னா நல் எந்தத் தேதிக்கும் சமம் கிடையாது. அந்தக் கண்டிஷன் மேல ஜாயினோட ஆன் பக்கத்துல இருக்கணும். இதுல வழுக்கி விழாத ஆளை நான் இன்னும் பாக்கல.

அந்த வாரமே ரிப்போர்ட் எல்லாத்தையும் டேட்டாசெட்டுக்கு மாத்திட்டேன். ஸ்டேட்மென்ட் பிரிண்ட் அழகா வந்துச்சு, மேல கடை பேரும் விலாசமும், கீழ பில், பில்லுக்குக் கீழ அயிட்டம், பக்கத்துல ரசீது. ஒண்ணு கவனிச்சேன், ஜாயின்ல இந்த மேல் விலாசம் மூணு வரி ஒவ்வொரு அயிட்டத்தோடயும் ஒட்டிக்கிட்டே வரும், நாப்பது அயிட்டம் பில்லுன்னா நாப்பது தடவை அதே தெருப் பேர் நெட்வொர்க்ல ஓடி வரும். தனித்தனி டேபிளா எடுத்தா ஒரு தடவைதான். எனக்கு ஒரே சந்தோஷம், இனிமே ஜாயினே வேண்டாம், டேட்டாபேஸ்ங்கிறது சும்மா கொட்டி வைக்கிற குடோன், கணக்கெல்லாம் நம்ம புரோகிராம்லதான்னு ஒரு முடிவுக்கே வந்துட்டேன்.

மார்ச் 31 வந்துச்சு.

வருஷக் கடைசி லிஸ்ட், எல்லா கடைக்கும், எல்லா பில்லுக்கும். பில் நாப்பதாயிரம் இருக்கும், அயிட்டம் வரி ரெண்டு லட்சம் இருக்கும். அத்தனையையும் டேட்டாசெட்ல ஃபில் பண்ணி கவுண்டர் மெஷினோட மெமரிக்கு இழுக்கணும், அந்த மெஷின் 32 பிட், ஒரு புரோகிராமுக்கு ரெண்டு ஜிபி அட்ரஸ் ஸ்பேஸ்தான், டேட்டாரோ, அதாவது டேட்டாசெட்ல ஒரு வரி, ஒவ்வொண்ணும் டேட்டாபேஸ்ல இருக்கிறதை விட மெமரியில பல மடங்கு இடம் பிடிக்கும். இது பத்தாதுன்னு ஒரு இடத்துல ரிலேஷன் போடாம ஒரு ஃபார் ஈச் உள்ள இன்னொரு ஃபார் ஈச் எழுதி வச்சிருந்தேன், பில் ஒவ்வொண்ணுக்கும் அயிட்டம் டேபிள் பூரா சுத்தி வந்து நம்பர் ஒத்துப் போகுதான்னு பாக்கற மாதிரி. நாப்பதாயிரத்தை ரெண்டு லட்சத்தால பெருக்கிப் பாருங்க, 800 கோடி ஒப்பீடு. கவுண்டர்ல ஸ்கிரீன் அப்படியே வெள்ளையா நின்னுடுச்சு. அய்யா ஒண்ணும் சொல்லல, பேரேட்டை எடுத்து வச்சு கையால போட ஆரம்பிச்சுட்டாரு, நானும் பக்கத்துல உக்காந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அந்த ராத்திரி நான் பாத்த ஒரு விஷயத்தை இன்னைக்கு வரைக்கும் மறக்கல. ஒரு கடைக்கு ரெண்டு மூணு பில்லுதான் இருந்தா, அய்யா பில் நம்பரைப் பாத்து ரசீது புக்குல அந்தப் பக்கத்தைப் புரட்டி எடுப்பாரு. ஒரு பெரிய ஆஸ்பத்திரி கணக்கு வந்துச்சு, நூத்துக்கணக்குல பில்லு. அதுக்கு அவர் புரட்டவே இல்ல, பில் கட்டையும் நம்பர் வரிசையா அடுக்கினாரு, ரசீதையும் நம்பர் வரிசையா அடுக்கினாரு, இந்தக் கையில ஒண்ணு அந்தக் கையில ஒண்ணுன்னு ரெண்டையும் கூடவே தள்ளிக்கிட்டே வந்தாரு. அப்புறம் மிச்சம் இருந்த சில்லறை ரசீது, வரிசையே இல்லாம ஒரு டப்பா நிறைய. அதைக் கடைசி நம்பர் பாத்து பூஜ்யம் ஒண்ணு ரெண்டுன்னு பத்துக் குவியலா தரையில பிரிச்சுப் போட்டுட்டாரு, அப்புறம் ஒவ்வொரு பில்லுக்கும் அந்தக் குவியல்ல மட்டும் தேடினாரு.

ரொம்ப நாள் கழிச்சு எஸ்க்யூஎல் சர்வர்ல எக்ஸிக்யூஷன் பிளான், அதாவது க்வெரியை டேட்டாபேஸ் எந்த வழியில ஓட்டுதுங்கிற குறிப்பு, பாக்கக் கத்துக்கிட்டப்போதான் புரிஞ்சது, அதுல ஜாயினுக்கு மூணு வழி இருக்கு. நெஸ்டட் லூப்ஸ், மெர்ஜ் ஜாயின், ஹாஷ் மேட்ச். ஒவ்வொண்ணா புரட்டறது, ரெண்டு அடுக்கைக் கூடவே தள்றது, குவியலாப் பிரிக்கறதுன்னு அய்யா தரையில உக்காந்து செஞ்ச அதே மூணு, அதே வரிசையில. எது எப்போன்னு அவர் சரக்கோட அளவைப் பாத்து முடிவு பண்ணாரு, டேட்டாபேஸும் அதைத்தான் பண்ணுது, ஒவ்வொரு டேபிள்லயும் எத்தனை வரி, நம்பர் எப்படிப் பரவியிருக்குன்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வச்சுக்கிட்டு, எது செலவு கம்மின்னு கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்குது. நாளைக்கு சரக்கு பெருசாச்சுன்னா வழியை மாத்திக்கும், க்வெரியில நான் ஒரு எழுத்தைக் கூட மாத்த வேண்டாம். மெமரியில நான் எழுதினா, எழுதின அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு வழிதான், அது நூறு வரிக்கு எழுதினதா இருந்தா ரெண்டு லட்சத்துக்கும் அதேதான் ஓடும்.

இந்தச் சண்டை ஒண்ணும் புதுசு இல்லைங்கிறதும் பின்னாடிதான் தெரிஞ்சது. 1970-ல ஐபிஎம்-ல வேலை பாத்த எட்கர் காட் ரிலேஷனல் மாடல்னு ஒரு கட்டுரை எழுதினாரு, டேட்டா மெஷினுக்குள்ள எப்படி அடுக்கியிருக்குன்னு பயன்படுத்தறவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இருக்கக் கூடாதுன்னு அதோட ஆரம்பத்துலயே சொல்றாரு. அதுக்கு எதிர்ப் பக்கம் சார்லஸ் பாக்மன், ஒரு ரெக்கார்டுல இருந்து அடுத்த ரெக்கார்டுக்கு பாயிண்டரைப் பிடிச்சுப் பிடிச்சுப் போற டேட்டாபேஸைக் கட்டினவரு, 1973-ல கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது வாங்கினப்போ குடுத்த உரையில புரோகிராமரை ஒரு கப்பலோட்டி மாதிரி, டேட்டாவுக்குள்ள வழி கண்டுபிடிச்சுப் போறவன்னு வர்ணிச்சாரு. 1974-ல மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ங்கிற ஊர்ல ரெண்டு பேரும் நேருக்கு நேரா விவாதம் பண்ணாங்க. அப்புறம் 1979-ல பட்ரீஷியா செலிங்கரும் கூட இருந்தவங்களும், எந்த டேபிளை முதல்ல எடுக்கணும் எந்த வழியில சேக்கணும்னு டேட்டாபேஸே செலவுக் கணக்குப் போட்டு முடிவு பண்ற முறையை எழுதி வச்சாங்க. காட் பக்கம் ஜெயிச்சதுக்கு அது ஒரு பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். டேட்டாசெட்ல கெட்சைல்ட்ரோஸ் எழுதும்போது நான் பாக்மனோட கப்பல்ல இருக்கேன், ஜாயின் எழுதும்போது காட் பக்கம் உக்காந்திருக்கேன். ரெண்டுமே எனக்கு வேணும். எந்த வேலைக்கு எதுங்கிறதுலதான் ரெண்டு வருஷம் தடுமாறினேன்.

நேரத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. ஜாயின் ஒரே க்வெரி. ரிலேஷன்னா ரெண்டு மூணு க்வெரி, முதல்ல பில், அடுத்து அயிட்டம். நடுவுல ஒரு நொடி இருக்கு. அந்த ஒரு நொடியில மூணாவது கவுண்டர்ல ஒரு பில் சேவ் ஆகும். அப்போ மெமரியில அயிட்டம் இருக்கும், பில் இருக்காது, தாய் இல்லாத பிள்ளை. டேட்டாரிலேஷன் போட்டா அது சும்மா வழி மட்டும் போடாது, கூடவே தாய் பக்கம் யூனிக் கன்ஸ்ட்ரெயிண்ட்டும் (ஒரே நம்பர் ரெண்டு தடவை வரக் கூடாதுங்கிற கட்டுப்பாடு) பிள்ளை பக்கம் ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெயிண்ட்டும் (தாய் இல்லாத பிள்ளை வரக் கூடாதுங்கிற கட்டுப்பாடு) தானா போட்டுடும், அதனால எக்ஸப்ஷன், அதாவது புரோகிராமை நிறுத்தற எரர், வெடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை, கூட்டம் இருக்கிற நேரத்துல மட்டும், என் மெஷின்ல வரவே வராது. மூணு வாரம் தேடினேன்.

இந்த எக்ஸப்ஷனுக்கு ஊர்ல எல்லாரும் சொல்ற வைத்தியம், ரிலேஷன் போடும்போது கடைசி பாராமீட்டரை ஃபால்ஸ்னு குடு, கன்ஸ்ட்ரெயிண்ட் போடாது, சத்தம் வராது. இன்னொரு வைத்தியம், அயிட்டத்தை முதல்ல எடு, பில்லை அப்புறம் எடு. இது இன்னும் மோசம்னு நான் சொல்லுவேன், ஏன்னா அப்போ எரர் வராது, பில் இருக்கும், அயிட்டம் இருக்காது, பில் தொகை பூஜ்யம்னு ஒரு வரி அமைதியா பிரிண்ட் ஆகி வரும். எரர் வந்தா குறைஞ்சது யாராவது எனக்குப் போன் பண்ணுவாங்க. சரியான வழி ரெண்டு க்வெரியையும் ஒரே ஸ்னாப்ஷாட் டிரான்ஸாக்ஷனுக்குள்ள வைக்கறது, எஸ்க்யூஎல் சர்வர் 2005-லயே அந்த வசதி வந்துடுச்சு, டேட்டாபேஸ்ல ஒரு தடவை ஆன் பண்ணி விடணும். டிரான்ஸாக்ஷன் ஆரம்பிச்ச நொடியில டேட்டா எப்படி இருந்துச்சோ அப்படியே ரெண்டு க்வெரிக்கும் தெரியும், நடுவுல யார் சேவ் பண்ணாலும் நம்ம கண்ணுக்குப் படாது. அதை நான் அப்பவே தேடிப் படிச்சிருக்கணும்.

அடுத்தது, ஒத்துப் போறதுங்கிறதுக்கே ரெண்டு பக்கமும் வேற வேற அர்த்தம். கடை கோடு ஒரு கவுண்டர்ல பெரிய எழுத்துல எம்017-ன்னு அடிப்பாங்க, இன்னொரு கவுண்டர்ல சின்ன எழுத்துல, மூணாவது கவுண்டர்ல கடைசியில ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமான கொலேஷன்ல (எழுத்தை ஒப்பிடற விதி) பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது, சமமான்னு பாக்கும்போது கடைசி ஸ்பேஸையும் கண்டுக்காது, மூணும் ஒரே கடைன்னு ஜாயின் பண்ணிடும். அதையே மெமரிக்கு எடுத்து சாதாரண டிக்ஷனரியில (கடை கோடை வச்சுத் தேடற பட்டியல்) போட்டா மூணும் மூணு கடை. க்வெரியில வந்த கூட்டுத்தொகையும் புரோகிராம்ல வந்த கூட்டுத்தொகையும் ஒத்துப் போகாது, க்வெரியையும் புரோகிராமையும் எத்தனை தடவை படிச்சாலும் தப்பு கண்ணுல படாது, ஏன்னா தப்பு டேட்டாவுல இருக்கு. இப்போ பைத்தான்ல பாண்டாஸ்ங்கிற டேட்டா கருவி வச்சு வேலை பாக்கறவங்களுக்கு இதே கதை வேற வேஷத்துல வரும். எஸ்க்யூஎல்ல நல்லும் நல்லும் ஜாயின் ஆகாது, பாண்டாஸோட ஜாயினான மெர்ஜ்ல ரெண்டு பக்கமும் கீ (எதை வச்சு சேக்கறோமோ அது) காலியா இருந்தா அந்த ரெண்டு காலியும் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். பில் நம்பர் எழுதாத ரசீது பத்தும், பில் நம்பர் விட்டுப் போன அயிட்டம் பத்தும் இருந்தா, சம்பந்தமே இல்லாம நூறு வரி பிறந்துடும். ஆனா பாண்டாஸ்ல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயமும் இருக்கு, மெர்ஜ் பண்ணும்போது வேலிடேட்னு ஒரு ஆப்ஷன் குடுத்து இது ஒண்ணுக்குப் பலன்னு சொல்லி வைக்கலாம், டேட்டா அப்படி இல்லைன்னா உடனே எரர். 2006-ல என் க்வெரியில இப்படி ஒரு வரி எழுத முடிஞ்சிருந்தா அந்தப் பையன் காசு கேக்காம வந்திருக்க மாட்டான்.

இதெல்லாம் பழைய டேட்டாசெட் காலத்துக் கதைன்னு நினைக்காதீங்க. டாட் நெட்ல க்வெரியை நமக்காக எழுதிக் குடுக்கற என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 3.0 2019-ல வந்தப்போ, இதையும் கூடவே எடுத்துட்டு வான்னு இன்க்ளூட் போட்டதை எல்லாம் ஒரே ஜாயின் க்வெரியா ஆக்கிடுச்சு, பில்லோட அயிட்டத்தையும் ரசீதையும் சேத்து இன்க்ளூட் பண்ணா அதே மூவிரண்டு ஆறுதான் டேட்டாபேஸ்ல இருந்து ஓடி வரும், ஆப்ஜெக்ட் கட்டும்போது டூப்ளிகேட்டை அதுவே தள்ளிடும், அதனால கூட்டுத்தொகை தப்பாகாது, ஆனா நெட்வொர்க்ல ஓடின சுமை ஓடினதுதான். அயிட்டம் ஐம்பது, ரசீது இருபதுன்னா எழுபது வரி வர வேண்டிய இடத்துல ஆயிரம் வரி. அடுத்த வருஷம் 5.0-ல ஆஸ்ஸ்ப்ளிட்க்வெரின்னு ஒண்ணு குடுத்தாங்க, தனித்தனி க்வெரியா எடுத்து மெமரியில சேக்கற வழி, கூடவே ரெண்டு க்வெரிக்கு நடுவுல டேட்டா மாறிடலாம், பாத்துக்கோங்கன்னு டாக்குமென்ட்லயே எழுதி வச்சிருக்காங்க. ஜாவா பக்கம் இதே வேலையைப் பண்ற ஹைபர்னேட் இன்னும் கறார், ரெண்டு லிஸ்ட்டை ஒரே க்வெரியில ஜாயின் ஃபெட்ச் பண்ணப் போனா மல்டிபிள் பேக்னு சொல்லி எக்ஸப்ஷன் குடுத்து ஓடவே விடாது. ரிப்போர்ட்டும் வரைபடமும் போடற டேப்லோவுல 2020.2 வெர்ஷன்ல ஜாயினுக்கு மேல ரிலேஷன்ஷிப்னு ஒரு அடுக்கு வந்துச்சு, டேபிளை அதது அளவுலயே வச்சுக்கிட்டு கேக்கற கேள்வியைப் பொறுத்து சேக்கறது. பேர் மாறுது, ஆள் மாறுது, அய்யா டேபிள் மேல இருந்த அந்த பில்லும் ரசீதும்தான் திரும்பத் திரும்ப வருது.

இப்போ நான் எப்படிப் பண்றேன்னு கேட்டா, க்வெரியைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேட்டுக்கறேன், வரப்போற லிஸ்ட்ல ஒரு வரிங்கிறது எதோட வரி? பாக்கி லிஸ்ட்டுன்னா ஒரு வரி ஒரு பில்லு. அப்போ பில் டேபிள்ல எத்தனை வரியோ அத்தனைதான் வரணும், ஒண்ணு கூடினாலும் தப்பு, ஒண்ணு குறைஞ்சாலும் தப்பு. அயிட்டமும் ரசீதும் கூட்டுத்தொகையாத்தான் உள்ள வரணும், அந்தக் கூட்டலை டேட்டாபேஸே பண்ணட்டும், ரெண்டு லட்சம் வரியைக் கவுண்டருக்கு இழுத்துட்டு வந்து கூட்ட வேண்டிய வேலை இல்ல. சலிக்கறது, கூட்டறது, வரிசைப்படுத்தறது எல்லாம் டேட்டா இருக்கிற இடத்துலயே முடியணும். ஸ்டேட்மென்ட் பிரிண்ட்டுன்னா அது வேற, அதுல ஒரு கடைக்குக் கீழ பில்லும் ரசீதும் தனித்தனியா தெரியணும், ஒரு வரி எதோட வரின்னு ஒரே பதில் அங்க கிடையாது. அந்த இடத்துல ஜாயினைத் திணிக்க மாட்டேன், அந்த ஒரு கடைக்கு மட்டும் மூணு சின்ன க்வெரி, ஒரே ஸ்னாப்ஷாட்ல, மெமரியில ரிலேஷன். நூறு இருநூறு வரிக்கு எந்த மெஷினும் மூச்சு வாங்காது. ஒரு சர்வர்ல இருக்கிற டேட்டாவையும் பேங்க் குடுத்த எக்ஸெல் ஃபைலையும் சேக்கணும்னாலும் மெமரிதான் எனக்கு முதல் வழி, ரெண்டும் ஒரே டேட்டாபேஸ்லயே இல்ல, யார் ஜாயின் பண்றது.

அடுத்த வருஷ மார்ச்சுக்குள்ள அந்த லிஸ்ட்டை முழுசா க்வெரியிலயே திருப்பி எழுதினேன், அயிட்டத்தைத் தனியா கூட்டி, வரவைத் தனியா கூட்டி, அப்புறம் சேத்து. சில நொடியில வந்துடுச்சு. பிரிண்ட் எடுத்து அய்யா கையில குடுத்தேன். அவர் அதை நம்பி வாங்கிக்கல, பேரேட்டை எடுத்து வச்சு, சிவப்புப் பென்சிலால ஒவ்வொரு வரியா டிக் பண்ணிக்கிட்டே வந்தாரு. நான் எதிர்ல உக்காந்து அந்தப் பென்சிலையே பாத்துட்டு இருந்தேன். ராத்திரி ஒன்பது மணி தாண்டிடுச்சு. கடைசிப் பக்கத்துல நிறுத்தினாரு. "தம்பி, மொத்தத்துல ஒரு கடை குறையுது."

தேடிப் பாத்தோம். அந்தக் கடை போன வருஷம் மூடிட்டாங்க, யாரோ கடை மாஸ்டர்ல (எல்லா கடை பேரும் இருக்கிற டேபிள்) இருந்து பேரையே அழிச்சிருக்காங்க, நான் டேட்டாபேஸ்ல ஃபாரின் கீ போடாம விட்டிருந்ததால அது தடுக்கல. பேர் வர்றதுக்காக பில்லைக் கடை மாஸ்டரோட இன்னர் ஜாயின் பண்ணியிருந்தேன், மாஸ்டர்ல ஆள் இல்லைன்னதும் பில்லும் போயிடுச்சு, பாக்கியும் போயிடுச்சு. டேட்டாசெட்டா இருந்திருந்தா அந்த இடத்துலயே எக்ஸப்ஷன் வெடிச்சு தாய் இல்லைன்னு சொல்லியிருக்கும். அங்கேயே உக்காந்து அதை லெஃப்ட் ஜாயினா மாத்தி மறுபடியும் பிரிண்ட் குடுத்தேன். பில் நம்பர் இருந்துச்சு, தேதி இருந்துச்சு, பாக்கித் தொகை இருந்துச்சு, பேர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. அய்யா பென்சிலைக் கீழ வச்சுட்டு, சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்து, அந்தக் காலி இடத்துல கடைக்காரர் பேரைத் தன் கையெழுத்துலயே எழுதி, டிக் போட்டாரு.